சீனியும் யோசனையும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குச் சீனி கூடினால் முதலில் விசாரணைக்கு வருவது வாய்தான். "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கிளினிக்கில் தாதி கேட்பார், டொக்டர் கேட்பார், வீட்டுக்கு வந்தால் மகளும் கேட்பாள். இரவு மூன்று இடியப்பத்தோடு எழும்பியவருக்குக் காலையில் வெறுவயிற்றுச் சீனி 180 காட்டினால், அவர் சொல்வதை நம்ப ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவர் உண்மையே சொல்லியிருக்கலாம். அந்தச் சீனியை இரவோடிரவாக அவருடைய ஈரலே செய்திருக்கக்கூடும்.

கவலையோ பயமோ வந்தால் மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமசு கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. அது சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளைத் தூண்ட, கோர்ட்டிசோல் என்ற ஓமோன் இரத்தத்தில் கலக்கிறது. ஆபத்திலிருந்து தப்பி ஓட உடலுக்குச் சக்தி வேண்டும் அல்லவா? அதற்காக ஈரல் புரதத்தின் கூறுகளிலிருந்துகூடப் புதிதாகக் குளுக்கோஸ் செய்து வெளியே விடுகிறது. தசைகளும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. நோயில்லாதவரின் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடும். நீரிழிவுக்காரரின் கணையத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. (மூட்டுவாதத்துக்கோ இழுப்புக்கோ பிரெட்னிசொலோன் குளிசை எடுப்பவர்களுக்குச் சீனி ஏறுவதும் இந்த வழியில்தான். அந்தக் குளிசை கோர்ட்டிசோலின் இனம்.) காலை யோசனை மாலையில் தீர்ந்தால் பெரிய பாதிப்பில்லை. மாதக்கணக்கில் நீளும் யோசனையைத்தான் உடல் தாங்காது.

இது எதிர்ப்பக்கமாகவும் நடக்கிறது: உடலின் நோய் மனதைச் சோர்வாக்கும். காய்ச்சல் வந்தால் யாரோடும் கதைக்கப் பிடிக்காமல், பசியும் இல்லாமல் சுருண்டு படுக்கிறோம். அது கிருமியின் நேரடி வேலையல்ல. நோயெதிர்ப்புக் கலங்கள் விடும் இன்டர்லூக்கின் போன்ற இரசாயனங்கள் மூளைக்கு "படு" என்று சொல்கின்றன. நீரிழிவிலும் மூட்டுவாதத்திலும் இதே இரசாயனங்கள் குறைந்த அளவில், விடாமல், வருடக்கணக்கில் ஓடுகின்றன. ஈரல் அழற்சி சி நோய்க்கு முன்பு இதே வகை இரசாயனமான இன்டர்பெரோனை ஊசியாகப் போட்ட காலத்தில், அதுவரை மனநிலை நன்றாக இருந்தவர்களிலும் கணிசமானோருக்குச் சில வாரங்களில் மனச்சோர்வு வந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். "மனதைத் திடப்படுத்துங்கோ" என்று அறிவுரை சொல்லும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். எல்லா மனச்சோர்வுக்கும் இதுதான் காரணம் என்பதில்லை, ஆனாலும் ஆளின் பலவீனத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

நீரிழிவுக்காரரிடையே மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் இருக்கிறது: நோயோடு மாரடித்து வரும் அலுப்பு. விரலில் குத்திக் குத்திப் பார்ப்பது, கலியாண வீட்டில் பாயாசம் ஏன் வேண்டாம் என்று பந்தி முழுக்க விளக்குவது, கனடாவிலிருந்து போன் எடுத்துப் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லும் மச்சானுக்குத் தலையாட்டுவது. இதை அளக்க 1995இல் பொஸ்டனில் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவமே வெளியிட்டார்கள். இந்த அலுப்புக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. மருந்து நேரத்தை எளிதாக்கி, வீட்டில் விசாரணையைக் குறைத்தாலே ஆள் தெளிவார். மனச்சோர்வு அப்படியல்ல. அது நோயோடு சம்பந்தமே இல்லாதவற்றையும் தின்னும். வருடம் தவறாமல் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர் இந்த முறை வேண்டாம் என்பார், பேரப்பிள்ளையின் வீடியோ அழைப்புக்கும் எழும்பி வரமாட்டார்.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். களைப்பு, நித்திரையின்மை, பசி மாறுவது எல்லாம் நீரிழிவுக்கும் மனச்சோர்வுக்கும் பொது. இரவில் நாலு தரம் சிறுநீர் கழிக்க எழும்புபவருக்கு நித்திரை எங்கே வரும்? எங்கள் ஊரில் மனம் சரியில்லை என்று யாரும் வந்து சொல்வதுமில்லை. நெஞ்சுப்பாரம், தலையிடி, கைகால் விறைப்பு என்றுதான் சொல்வார்கள். இடப்பெயர்வும் இழப்பும் கண்ட தலைமுறையின் மனவலி இப்படி உடம்பால் வெளிப்படுவதை இங்கே வேலை செய்த மனநல மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அதனால் மருத்துவர்கள் முதலில் இரண்டு விஷயங்களைக் கேட்பதுண்டு: கடந்த இரண்டு வாரங்களாக எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்து இருக்கிறதா? பதில் ஆம் என்றால் மேற்கொண்டு பார்ப்பார்கள். இதை வீட்டிலும் கேட்கலாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுத்துக் கதைக்கலாம்.

சரி, மருந்து. நீரிழிவால் நரம்பு பழுதாகி வரும் கால் எரிவுக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான பழைய மருந்து என்று யாரோ சொல்ல, "விசர்க் குளிசை தந்துவிட்டார்கள்" என்று அதை எறிந்தவர்கள் உண்டு. எரிவுக்கு வழக்கமாக 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு அதைவிட நன்றாகக் கூட. மனச்சோர்வுக்கு எழுதும் இன்றைய குளிசைகள் வேலை காட்ட இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். ஒரு கிழமையில் நிறுத்திவிட்டுப் "பிரயோசனமில்லை" என்பதில் அர்த்தமில்லை. மனம் தேறினால் சீனி தானாக இறங்கும் என்றும் இருந்துவிடக் கூடாது, இரண்டுக்கும் மருத்துவம் தனித்தனியே நடக்க வேண்டும். இந்தக் குளிசைகளில் சில நிறையைக் கூட்டும், சில சீனியைக் கொஞ்சம் இறக்கும். ஆகவே மனநலப் பிரிவுக்குப் போகும்போது நீரிழிவு கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும்.