பெட்டியில் வந்த சைக்கிளை மிதிக்கும் முன்

இணையத்தில் சைக்கிள் வாங்கி, வாங்கிய மாதமே அதைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் சைக்கிளில் எந்தக் குறையும் இருப்பதில்லை. பூட்டிய விதத்தில்தான் பிழை. பெட்டியின் மேல் ‘85 சதவீதம் பூட்டப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கும். மீதி 15 சதவீதம் சில்லறை வேலை என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்த மீதியில் இருப்பவை ஹேண்டில் பார், முன் சக்கரம், பெடல், சீட், பிரேக். ஓட்டுகிறவரின் உயிர் தொங்குவதே இவற்றில்தான்.

வீட்டில் பூட்டக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பூட்டினால் தங்கள் வண்டியை அவர்கள் நன்றாக அறிந்துகொள்வார்கள். ஆனால் பெட்டியோடு வரும் தகட்டு ஸ்பேனரை நம்பி இறங்க வேண்டாம். 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று, 4, 5, 6 அளவுகளில் அலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சிறிய டப்பா கிரீஸ், காற்றடிக்கும் பம்ப். இவ்வளவு போதும்.

என்னிடம் வரும் பழுதுகளில் மனதை அதிகம் வருத்துவது இடது பெடல். வலது பெடல் எல்லாத் திருகுகளையும் போல வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடலின் மரை நேர் எதிர். இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். மிதிக்கும்போது பெடல் அச்சின் மேல் விழும் எடை ஒரே இடத்தில் நிற்பதில்லை. அச்சைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இடது பக்கமும் வழக்கமான மரையாக இருந்தால் அந்தச் சுழலும் எடையே பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடும். அதற்காகவே இந்த எதிர் மரை. இது தெரியாதவர்கள் பெடல் ஏறவில்லை என்று பலத்தைக் காட்டுகிறார்கள். பெடல் அச்சு இரும்பு, பெடல் பூட்டும் கையான கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். இரும்பு அலுமினியத்தைச் சீவிக்கொண்டு உள்ளே போய்விடும். சில நாளில் பெடல் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்போது, அதன் மேல் நின்று மிதித்துக்கொண்டிருப்பவர் நடுரோட்டில் விழுவார்.

பெடல் அச்சின் நுனியிலோ பக்கவாட்டிலோ எல், ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். எல் இடது, ஆர் வலது. வண்டியில் உட்கார்ந்தால் எது நம் இடது கையோ அதுதான் வண்டிக்கும் இடது. மரையில் கிரீஸ் தடவி, முதலில் ஸ்பேனரைத் தொடாமல் விரலாலேயே சுற்றுங்கள். நான்கைந்து சுற்று விரலால் தடையின்றி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பக்கம் மாறியிருக்கிறது, அல்லது கோணலாக நுழைகிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். திசை குழம்பினால், ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி பெடலில் மாட்டிக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இடமானாலும் வலமானாலும் பெடல் இறுகும் திசை அதுதான். கடைசியில் நன்றாக அழுத்தியே இறுக்க வேண்டும். கிரீஸைத் தவிர்க்காதீர்கள். கடலோர ஊர்களில் கிரீஸ் இல்லாமல் பூட்டிய பெடல், இரண்டு மழைக்காலம் போனால் கழற்ற முடியாதபடி கிராங்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவை. பெட்டிக்குள் இடம் மிச்சப்படுத்த அதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் அப்படியே ஹேண்டில் பாரை மாட்டிச் சக்கரத்தையும் பூட்டிவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சைக்கிள் ஒழுங்காகவே தெரியும். ஓட்டினால் திருப்பத்தில் கால்விரல் முன் டயரில் இடிக்கும், ஹேண்டில் கைக்கு அடங்காமல் அலையும். சரிபார்க்க எளிய வழி உண்டு. டிஸ்க் பிரேக் வண்டியில் முன் டிஸ்க் ஓட்டுகிறவரின் இடது பக்கம் இருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக் என்றால் அதன் இரு கைகளும் ஃபோர்க்குக்கு முன்னால் தெரிய வேண்டும்.

நட்டு வைத்த முன் சக்கரங்களோடு கொக்கி போன்ற வளைவுள்ள இரண்டு வாஷர்கள் வரும். பலர் அவற்றை உபரி என்று பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் ஃபோர்க்கை விட்டுக் கழன்று போகாமல் தடுப்பவை அவைதான். கொக்கி, ஃபோர்க்கில் உள்ள சிறு துளைக்குள் உட்கார வேண்டும். நட்டுக்குப் பதில் நெம்புகோல் இருக்கும் வண்டியில், அந்த நெம்புகோலையே நட்டைப் போலச் சுற்றிச் சுற்றி இறுக்கக் கூடாது. அது மடக்கிப் பூட்டுவதற்கானது. பாதி மடக்கும்போதே கைக்குத் தடை தெரிய வேண்டும். முழுதாக மடக்கியதும் உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். சுலபமாக மடங்கினால் பிடிமானம் போதாது.

ஹேண்டில் பாரைத் தாங்கும் ஸ்டெம் இரண்டு வகை. ஃபோர்க்குக்குள் இறங்கும் தண்டுள்ள வகையில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தவே கூடாது. சீட் தண்டுக்கும் இதே விதிதான். மற்ற வகையில் மேல் மூடியில் ஒரு போல்ட், பக்கத்தில் இரண்டு போல்ட். மேல் போல்ட்டின் வேலை ஆட்டத்தை எடுப்பது மட்டும். ஹேண்டிலைப் பிடித்து வைத்திருப்பவை பக்க போல்ட்கள். அதனால் முதலில் மேல் போல்ட்டை அளவாகத் திருப்பி ஆட்டத்தை எடுத்து, ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக்கி, பிறகு பக்க போல்ட்களை இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தில் ‘டொக்’ என்று ஆட்டம் கேட்டால் மறுபடி செய்ய வேண்டும்.

பிரேக் கட்டைகள் ரிம்மின் மீது மட்டுமே பட வேண்டும். கொஞ்சம் மேலே ஏறி டயரைத் தொட்டால் சில நாளில் டயரை அறுத்துவிடும். டிஸ்க் பிரேக் உரசினால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்களையும் லேசாகத் தளர்த்தி, பிரேக் லிவரை இறுகப் பிடித்தபடியே திரும்ப இறுக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்க் தகட்டில் கிரீஸ் கை படக் கூடாது. எண்ணெய் இறங்கிய பிரேக் கட்டை பிடிக்காது. பிள்ளைகளின் சைக்கிளில் இன்னொன்றும் பாருங்கள். பிரேக் லிவர் அவர்களின் சின்ன விரலுக்கு எட்டுகிறதா? லிவரின் அடியில் உள்ள சிறு திருகை உள்ளே திருப்பினால் லிவர் கைப்பிடிக்கு அருகில் வரும். பல வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை. பிள்ளை பிரேக் பிடிக்காமல் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறது.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் முழுதும் கீழே இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம் போதும். கியர் வண்டியில் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிச் செயின் போக்ஸ் கம்பிக்குள் விழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. சக்கரக் கோட்டம் எடுப்பதும் அப்படித்தான்.

பூட்டி முடித்ததோடு வேலை தீராது. புது போக்ஸ் கம்பிகளும் பிரேக் கேபிள்களும் முதல் சில வாரங்களில் படிந்து தளரும். கம்பெனியிலேயே பூட்டி வந்த போல்ட்களும் இதற்கு விலக்கில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் மிதிவண்டியையும் முதல் மாதத்தில் ஒருமுறை முழுவதுமாக இறுக்கிப் பார்ப்பது அவசியம். குறிப்பாகக் கிராங்க் போல்ட். மிதிக்கும்போது காலுக்கடியில் ‘டக் டக்’ என்று கேட்டால் வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று எண்ணாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். தளர்ந்த கிராங்க்கை மிதிக்க மிதிக்க அதன் சதுரத் துளை தேய்ந்து பெரிதாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்க்கையே மாற்ற வேண்டியதுதான்.