பி.எட். பள்ளிப் பயிற்சி: சேரும் முன்பும் பள்ளிக்குள் நுழையும் முன்பும் கவனிக்க வேண்டியவை

போன வருடம் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் லெசன் பிளான் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அழகான கையெழுத்து, மார்ஜின் எல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் போட்டிருந்தது. எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஒன்றை அவர் நடத்தியதாக எழுதியிருந்த தேதியைக் காலண்டரில் பார்த்தால் அது ஞாயிற்றுக்கிழமை. கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. "சீனியர் அக்கா ரெக்கார்டு சார், காலேஜ்ல அதைப் பார்த்தே எழுதச் சொல்லிட்டாங்க" என்றார். நடத்தாத பாடத்துக்கு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நடத்த வேண்டிய பாடத்தை நடத்த அவரை யாரும் விடவில்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரைப் போல வருடா வருடம் பத்துப் பேரைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ம் ஆண்டு விதிமுறைப்படி பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். தமிழ்நாட்டில் இந்தக் கல்லூரிகள் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பின்னணிக்கு இவ்வளவு போதும், ஆட்கள் ஏமாறுவது வேறு இடங்களில்.

முதல் இடம் ஏஜென்ட். "காலேஜுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க, அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதில்தான் விழுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ரெகுலர் பி.எட். என்றால் நேரில் வந்து படித்ததாகத்தான் சான்றிதழ் பேசும். அதே மாதங்களில் வேறு ஊரில் ஒரு கம்பெனியில் உங்களுக்கு பி.எஃப். பிடித்திருந்தால், பின்னாளில் யாராவது ஒரு புகார் போட்டால் போதும், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஏஜென்ட் அன்றைக்கு போன் எடுக்க மாட்டார், கல்லூரியும் உங்கள் கையெழுத்துள்ள பதிவேட்டை எடுத்து நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தொலைதூர பி.எட். இருக்கிறதே என்பவர்களுக்கு: அது ஏற்கெனவே நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுத் தொடக்கநிலையில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும்தான். வெறும் டிகிரியோடு அதில் சேர முடியாது. சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, தகுதி மதிப்பெண். பொதுப்பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: டிகிரியில் மேஜர் (முதன்மைப் பாடம்), அலைட் (அதற்குத் துணையான பாடம்) மதிப்பெண்ணைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறைய வாங்கி மொத்தத்தில் 52 வந்திருக்கும், மேஜரும் அலைடும் மட்டும் கூட்டினால் 48-தான் இருக்கும். 49.5-ஐ 50 ஆக்கவும் மாட்டார்கள். கல்லூரி அலுவலகத்தில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று முதல் தவணையை வாங்கிப் போட்டுவிடுவார்கள், பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு ஒப்புதல் தரும்போதுதான் விஷயம் வெளியே வரும், அதற்குள் நாலைந்து மாதம் ஓடியிருக்கும். அதனால் சேரும் முன்பே ஒரு தாளில் நீங்களே கூட்டிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்று வருட டிகிரி என்ற வரிசையில் படித்திருக்கவும் வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாக வாங்கிய டிகிரி இங்கே எடுபடாது.

அப்புறம் பாடம். பி.காம்., பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்கள் முதுகலை முடித்திருந்தால்தான் பி.எட். சேர முடியும். சேர்ந்து முடித்தாலும் அரசுப் பள்ளியில் வணிகவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் மேல்நிலை வகுப்பில், முதுகலை ஆசிரியர் பணியிடம்தான் இருக்கிறது. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்தும் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இந்தப் பாடங்களுக்குக் கிடையாது. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, அப்ளைடு என்று தொடங்கும் டிகிரி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் டிகிரி விலங்கியலுக்கோ இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ சமமானது என்று அரசாணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பி.எட்.டில் இடம் கிடைத்துவிட்டது என்பதால் வேலைக்குத் தகுதி வந்துவிட்டதாக ஆகாது. கல்லூரிக்குத் தேவை சீட் நிரம்புவது, அவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில், தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகு, மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து "ஈக்விவலன்ட் ஜி.ஓ. (அந்தச் சமநிலை அரசாணை) எங்கே?" என்று கேட்கும்போதுதான் பலருக்கு அந்த வார்த்தையே தெரிய வருகிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அரசு வேலையில் அவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர் வேலைக்கான தகுதியில் பி.எட்.டும் சேர்த்தி. ஆனால் கல்லூரியில் விண்ணப்பம் நிரப்புகிறவர் பயிற்று மொழி என்ற கட்டத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுவார். வகுப்பு முழுக்கத் தமிழில்தான் நடக்கும், பரீட்சையும் தமிழில்தான் எழுதியிருப்பீர்கள், ஆனால் பதிவேட்டில் ஆங்கில வழி. பதினைந்து வருடம் தமிழில் படித்த பலன் அந்த ஒரு கட்டத்தில் போய்விடும். விண்ணப்பத்தை உங்கள் கையால் நிரப்புங்கள், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், படிப்பு முடித்து டி.சி. வாங்கும் அன்றே தமிழ் வழிச் சான்றையும் வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் அந்த கிளார்க் மாறியிருப்பார், ரெக்கார்டு ரூம் சாவி யாரிடமோ இருக்கும், நீங்கள் நாலு முறை பஸ் ஏற வேண்டும்.

இன்னொன்று. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 11 ஆகஸ்ட் 2023 அன்று தீர்ப்பளித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லித்தர ஆசை என்றால் உங்களுக்கானது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு.

சரி, சேர்ந்தாகிவிட்டது. பள்ளிக்குப் போகும் முன் கற்பித்தல் முறைப் பாடங்கள் இருக்கும், பெடகாஜி என்று சொல்வார்கள். அதோடு மைக்ரோ டீச்சிங். ஒரே ஒரு திறன், உதாரணமாகக் கேள்வி கேட்பது அல்லது கரும்பலகையைப் பயன்படுத்துவது, அதை மட்டும் எடுத்து ஐந்தாறு நிமிடம் சக மாணவர்களுக்கு நடத்த வேண்டும். அவர்கள் குறை சொல்ல வேண்டும், திருத்தித் திட்டமிட்டு மறுபடி நடத்த வேண்டும். அந்த 'மறுபடி'யில்தான் ஆளே தேறுவது. பல இடங்களில் ஒரே மதியத்தில் நாற்பது பேரை வரிசையாக நிற்க வைத்து முடித்துவிடுகிறார்கள், மறுபடி நடத்தியதாக ரெக்கார்டில் மட்டும் எழுதச் சொல்கிறார்கள். கல்லூரி செய்யாவிட்டால் நீங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு காலி அறையில் செய்துகொள்ளுங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பள்ளி ஒதுக்கீட்டில் அலைச்சல் தொடங்கும். அரசுப் பள்ளிக்குப் போக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். பட்டியல் தயாரித்து அந்த அனுமதியை வாங்குவது கல்லூரியின் வேலை. நடப்பதோ வேறு: "நீங்களே ஒரு ஸ்கூல் பார்த்துக்கோங்க" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தலைமை ஆசிரியர் ஆணை இல்லாமல் எப்படிச் சேர்ப்பேன் என்பார், கல்வி அலுவலகத்தில் கல்லூரி முதல்வரின் கடிதம் எங்கே என்பார்கள், கல்லூரியில் முதல்வர் மீட்டிங் போயிருக்கிறார் என்பார்கள். இப்படி அலைந்தே பத்து நாள் போய்விடும், அந்தப் பத்து நாளும் உங்கள் வருகையில்தான் குறையும். எனவே பயிற்சி தொடங்க ஒரு மாதம் முன்பே, எந்தப் பள்ளி, எந்தத் தேதி முதல், அனுமதி ஆணையின் எண் என்ன என்று வகுப்பாகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டுவார்கள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் என்றால் குரல் இறங்கும்.

பள்ளிக்குள் வந்ததும் இன்னொரு ஆபத்து, இதில் எங்கள் பக்கத் தவறும் உண்டு. பயிற்சிக்கு ஆள் வந்துவிட்டால் சில பள்ளிகளில் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் விவரப் பதிவு) பதிவேற்றம், விடைத்தாள் கூட்டல், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் அவர்கள் தலையில் விழும். பள்ளியின் எல்லா வேலைகளையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சரிதான். ஆனால் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் அது பயிற்சி இல்லை. முதல் வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனியுங்கள். பிறகு எந்த வகுப்பு, எந்தப் பீரியட் என்று ஒரு கால அட்டவணை கேட்டு வாங்கி, வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அவரை வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் வகுப்பில் உட்காரச் சொல்லிக் கெஞ்சியாவது கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு மூத்த டீச்சர் ஒரு பயிற்சி மாணவியின் வகுப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "கேள்வி கேட்டுட்டு நீயே பதிலையும் சொல்லிடுறம்மா. மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு அப்புறம் பேசு." மறுநாள் அந்தப் பெண் கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றார். மூன்று எண்ணும் வரை சத்தமே இல்லை, நாலாவதில் கடைசி வரிசைப் பையன் கை தூக்கினான். அதுவரை அவன் வாயே திறந்ததில்லை.

வருகைக் கணக்கைக் கையிலேயே வைத்திருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 16 வாரம் 80 நாள். 90 சதவீதம் என்றால் 72 நாள் கட்டாயம், கையில் இருப்பது 8 நாள் மட்டும். காய்ச்சல், வீட்டில் கல்யாணம், கோயில் கொடை எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். வருகைப் பதிவில் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாரா வாரம் வாங்கிப் போனில் படம் எடுத்து வையுங்கள். கடைசி நாளில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், அன்றைக்குத் தலைமை ஆசிரியர் விடுப்பில் இருப்பார்.

ரெக்கார்டுக்கு, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு, வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் சாப்பாட்டுக்கு என்று தனித்தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தராத பணம் கட்டணம் ஆகாது. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. பீஸ் பாக்கி என்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பீரோவில் பூட்டிவைக்கும் கல்லூரிக்கு அந்த அறிவிப்பைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

பதில் இல்லையா, பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், முதலமைச்சரின் புகார்ப் பிரிவான 'முதல்வரின் முகவரி'க்கு 1100 எண்ணில் அழைத்தும் பதிவு செய்யுங்கள். அதோடு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அதில் உங்கள் கோபத்தை எழுதாதீர்கள். என் பதிவு எண்ணுக்குக் கல்லூரி அனுப்பிய பள்ளி ஒதுக்கீட்டுப் பட்டியலின் நகல், வருகைப் பதிவின் நகல், பயிற்று மொழி என்று பதிவாகியிருப்பது என்ன, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டுக்காரப் பெண்ணுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். வருகை நகல் வந்தபோது, அவர் எங்கள் பள்ளிக்கு வந்த நாட்களில் ஒன்பது விட்டுப்போயிருந்தன. போனில் வைத்திருந்த படங்களைக் காட்டித்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.