அப்பா சேர்த்த பழைய கார்களை விற்கும் முன்

பழைய கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் தொழில். கோவை, ஈரோடு, சேலம், சென்னை என்று எங்கிருந்து போன் வந்தாலும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அப்பா ஏழெட்டு காரு விட்டுட்டுப் போயிருக்காருங்க, மொத்தமா குடுத்தா என்ன தேறும்?" கேட்பவர்கள் மேல் தப்பில்லை. கார்கள் நிற்கும் இடத்தை விற்க வேண்டியிருக்கும், அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிக்க வேண்டியிருக்கும், வீட்டில் யாருக்கும் கார்களைப் பற்றித் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து "எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன், நாளைக்கே லாரி அனுப்பறேன்" என்று சொன்னால் பெரிய பாரம் இறங்கிய மாதிரிதான் இருக்கும். ஆனால் குடும்பங்கள் அதிகமாகப் பணத்தை இழப்பது அந்த இடத்தில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஷெட்டில் நிற்பதால் அவை எல்லாம் ஒரே சரக்கு ஆகிவிடாது. ஒரு மூலையில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆஸ்டின் செவன் நிற்கும், பக்கத்தில் ஐம்பதுகளின் டாட்ஜ் கிங்ஸ்வே, அப்புறம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு மார்க் டூ அம்பாசடர், ஒரு ஃபியட் பத்மினி, கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடிய கான்டெஸா. ஆஸ்டினை வாங்குகிறவர் வேறு, கான்டெஸாவை வாங்குகிறவர் வேறு. முன்னவர் மும்பையிலோ டெல்லியிலோ இருக்கலாம், காகிதங்களைப் படித்துப் பார்க்க ஒரு மாதம் எடுத்துக்கொள்வார், நாலு பேரிடம் விசாரிப்பார், அவசரப்பட மாட்டார். பின்னவர் பக்கத்து ஊர் இளைஞராக இருப்பார், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து அன்றைக்கே அட்வான்ஸ் கொடுப்பார். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் கல்யாண வாடகை, சினிமாப் படப்பிடிப்பு என்று உள்ளூரிலேயே ஆள் கிடைப்பார்கள். ஹெரால்டு சென்னையில் உருவான கார், ஆகவே அதற்கு இங்கேயே தனிப் பாசம் இருக்கிறது. மொத்தமாகக் கேட்கிறவர் இதில் எதையும் கணக்கில் எடுப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோதான், மீதியைச் சும்மா வருகிற சுமையாக நினைத்து விலை சொல்வார்.

கொங்குப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மொத்த விலை பேசியவர் கார்களைச் சுற்றிப் பார்த்ததைவிடப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் அதிக நேரம் இருந்தார். உள்ளே என்ன இருந்தது? கோணிச் சாக்குகளில் லூகாஸ் டைனமோக்கள், சோலக்ஸ் கார்புரேட்டர்கள், எண்ணெய்த் தாளில் சுற்றிய பிரேக் வீல் சிலிண்டர் கிட்டுகள், பெட்டி பிரிக்காத டெயில் லேம்ப் கண்ணாடிகள், ஹப் கேப்புகள், ஸ்டார்ட்டிங் ஹேண்டில்கள். வீட்டுக்காரர்கள் அதைக் காயலான் கடைக்குப் போட ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருந்தார்கள்! ஒரு ஹெரால்டின் டெயில் லேம்ப் உடைந்துவிட்டால் அதே பாகத்துக்கு எத்தனை ஊர் அலைய வேண்டும் என்பது அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். பாகங்களைத் தனியாகப் பிரித்து, எந்தக் காருக்கு எது என்று அப்பாவின் பழைய மெக்கானிக்கை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அவருக்குக் கண்டிப்பாகக் கூலி கொடுங்கள். அவருக்குத் தெரிந்தது வேறு எங்கும் எழுதி இருக்காது.

சரி, எங்கே விற்பது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காருக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். ஆர்சி புக், வரி கட்டிய ரசீது, இன்சூரன்ஸ், பழைய ரிப்பேர் பில், பழைய போட்டோ, வாங்கியபோது எழுதிய ரசீது என்று எதையும் விடாதீர்கள். வெளிநாட்டுக் கார் என்றால் சுங்கக் காகிதம் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் தூதரகக் கார்களை அரசு நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் விற்றார்கள். அப்படி எடுத்த காராக இருந்தால் அந்தப் பழுப்பேறிய கடிதம் காரின் விலையையே மாற்றக்கூடியது. பழைய மெட்ராஸ் காலத்து எம்.எஸ். வரிசை, எம்.டி. வரிசை நம்பர் பிளேட் இன்னும் அதே காரில் இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. தயவுசெய்து புது நம்பருக்கு மாற்ற ஓடாதீர்கள்.

அடுத்து, பானெட்டைத் திறந்து நம்பர்களைச் சரிபாருங்கள். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே துண்டாக முன்னால் சாயும். திறந்ததும் என்ஜின் முழுசாகக் கண் முன்னால் நிற்கும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு சேஸ் பிளேட்டைத் துடைத்து, அதன் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். என்ஜின் நம்பருக்கும் அதே மாதிரி. இரண்டையும் ஆர்சி புக்கில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் இப்போதே கண்டுபிடிப்பது நல்லது, ஏனென்றால் வாங்குகிறவர் எப்படியும் கண்டுபிடிப்பார், அந்த நிமிஷத்தில் பேரம் அவர் கைக்குப் போய்விடும். பெட்ரோல் செலவு தாங்காமல் எழுபது எண்பதுகளில் நிறையப் பேர் பெரிய அமெரிக்கக் கார்களிலும் அம்பாசடர்களிலும் டீசல் என்ஜின் மாற்றிப் போட்டார்கள். அப்படி மாற்றியது ஆர்சியில் ஏறியிருக்கிறதா, பழைய என்ஜின் எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த இரும்பை எடைக்குப் போட்டுவிட்டால் காரின் அசல் தன்மை அதோடு போய்விடும்.

விற்பதற்கு முன் பெயிண்ட் அடிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. பளபளவென்று இருந்தால் விலை கூடும் என்று நினைத்துப் பட்டறையில் விட்டு, டிங்கரிங், பட்டி, புது பெயிண்ட் என்று செலவு செய்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் வந்து கதவுக்கு அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. அவ்வளவுதான், முழுக் காரின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். வெயிலில் மங்கிய அசல் பெயிண்டுக்குத் தருகிற விலையை அவர் புது பெயிண்டுக்குத் தர மாட்டார். காரை ஓட வைக்க மட்டும் செலவு செய்யுங்கள், அதையும் நிதானமாக. பல வருஷம் நின்ற காரில் நேராக பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊற வைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கில் பிசினாகிப்போன பழைய பெட்ரோலை இறக்கிக் கழுவ வேண்டும். பிரேக் பிடிக்கிற கார், தானாக ஸ்டார்ட் ஆகிற கார், இந்த இரண்டும் இருந்தால் போதும்.

இனி சட்ட விஷயம். அப்பா பெயரில் இருக்கும் காரை அப்பா கையெழுத்துப் போட்டு வைத்த பழைய விற்பனைப் படிவத்தை வைத்து விற்றுவிடலாம் என்று சில புரோக்கர்கள் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், அது மோசடி. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். மூன்று மாதம் தாண்டிவிட்டது என்றாலும் வழி இதுதான், தாமதத்துக்கு உண்டானதைக் கட்டிவிட்டு முறைப்படி மாற்றுங்கள். பழைய நோட்டுப் புத்தக ஆர்சியாக இருந்தால் விவரம் ஆன்லைனில் ஏறாமல் இருக்கும். முதலில் அதை ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கே நாளாகும். ஆர்சி தொலைந்திருந்தால் போலீஸ் புகார், பிறகு டூப்ளிகேட். விற்பனை விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

50 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2021இல் மத்திய அரசு தனி வின்டேஜ் பதிவு முறை கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதுப் பதிவுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் வரும். என்ஜின், சேஸ், பாடி பெரிதாக மாற்றப்படாமல் அசலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இது நல்லதா? காரைப் பொறுத்தது. இப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். ஆஸ்டின் செவனுக்கு இது பொருந்தும். கல்யாண வாடகைக்கு விட ஆசைப்பட்டு அம்பாசடரை வாங்குகிறவருக்கு நீங்கள் வின்டேஜ் பதிவு செய்து கொடுத்தால் அவர் வாங்காமல் போய்விடுவார். முடிவை வாங்குகிறவரிடமே விடுவது என் பழக்கம். விற்ற பிறகு இரு தரப்பும் 90 நாளுக்குள் போக்குவரத்து அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது எங்கே விற்பது என்பதற்கு வரலாம். அரிய கார்களுக்கு முதலில் கிளப்புகளை அணுகுங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், மும்பையில் வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா, இவர்கள் ஏலக்காரர்கள் அல்ல. ஆனால் உண்மையான சேகரிப்பாளர்கள் இருக்கும் இடம் அதுதான். உங்கள் அப்பாவைத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தே தீருவார். டெல்லியில் 1964 முதல் நடக்கும் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையின் பழைய கார் ராலி மாதிரியான நிகழ்ச்சிகள் வடக்கே குளிர்காலத்தை ஒட்டித்தான் வருகின்றன. வாங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும் காலம் அது. அதற்கு முன்பே உங்கள் ஃபைலும் போட்டோக்களும் தயாராக இருப்பது நல்லது.

ஏலம் இன்னொரு வழி. அஸ்தகுரு போன்ற இந்திய ஏல நிறுவனங்கள் ஆன்லைனில் பழைய கார்களை ஏலம் விட்டிருக்கின்றன. ஒரே குடும்பத்தின் சேகரிப்பு, நல்ல வரலாறு, எல்லாக் காகிதமும் இருக்கிறது என்றால் ஏலம் பொருத்தமானது. நாலு பேர் போட்டி போடுகிற கார் ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் அதில் அர்த்தமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்ச விலையை யார் முடிவு செய்வது, உங்களிடம் எவ்வளவு கமிஷன், வாங்குகிறவரிடம் எவ்வளவு, விற்காவிட்டால் செலவு யாருடையது, லாரி வாடகையும் இன்சூரன்ஸும் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் உங்கள் கணக்குக்கு வரும். ஒன்றை மறக்க வேண்டாம். ஏலத்தில் விலை போகாமல் திரும்பிய காரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த ஆறு மாதம் அதற்கு நல்ல விலை கேட்க முடியாது.

டீலரிடம் கமிஷனுக்கு விடுவதானால் காரை மட்டும் விடுங்கள், கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை விடாதீர்கள். ஒரு குடும்பத்தின் கார் இப்படி ஒரு டீலர் ஷெட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது; திரும்பி வந்தபோது அசல் ஹெட்லைட் வளையங்களும் டேஷ்போர்டு கடிகாரமும் இல்லை. விடும் அன்றே ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, இரு தரப்பும் பட்டியலில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்கள் கேட்டு வாங்கியிருக்க முடியும்.

வெளிநாட்டில் விற்றால் கோடிகள் என்ற பேச்சை நம்பிக் கைக்கு வந்த விலையை விட்டுவிடாதீர்கள். 1950க்கு முந்தைய கார்களை உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. 100 வயது தாண்டிய பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். லண்டன் ஏலத்தில் அதே மாடல் போன விலை உங்கள் காரின் விலை அல்ல.

வரியைப் பற்றி ஆடிட்டரை முன்கூட்டியே பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது பொதுவாகச் சரி. ஆனால் மும்பை உயர் நீதிமன்றம் 2025இல் முடித்து வைத்த ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு காரை ஒருவர் பின்னாளில் 21 லட்சத்துக்கு விற்றார். கார் சொந்த உபயோகத்துக்கு ஏற்றது என்று சொன்னால் போதாது, உண்மையிலேயே உபயோகித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி வரி சரியே என்றது நீதிமன்றம். பெட்ரோல் பில், இன்சூரன்ஸ், குடும்பத்தோடு காரில் போன போட்டோ என்று நான் மேலே ஃபைல் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்காதீர்கள், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

விலை படிந்து பணம் முழுவதும் வங்கியில் ஏறிய பிறகுதான் சாவி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதியோடு கையெழுத்து, வாங்குகிறவரின் ஆதார் நகல், ஒப்படைத்த நாளும் மணியும் எழுதிய ரசீது, எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்களிடம். "பேர் மாத்திக்கறோம் சார்" என்று சொல்லி அப்படியே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பதிவில் பெயர் மாறாத வரை விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் இருப்பவரைத்தான் சேரும் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே விற்பனைத் தகவலை நீங்களே ஆர்டிஓவில் கொடுத்து, பெயர் மாறிவிட்டதா என்று ஆன்லைனில் பார்த்துக்கொண்டே இருங்கள். வெளியூர்க்காரர் என்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகே காரை லாரியில் ஏற்றுங்கள்.