அடிபட்டது பிடரியில், மாறியது குணம்

மாங்குளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: "மகனுக்கு 19 வயது. மூன்று வருடத்துக்கு முன் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுந்து பிடரி அடிபட்டது. காயம் ஆறிவிட்டது, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறான். ஒரு அடிபிடி வழக்கு நடக்கிறது. பிணையில் வந்தவன் பொலிசில் கையெழுத்து வைக்க மறந்து பிடியாணை வந்துவிட்டது. பொலிஸ் திமிர் என்கிறது, அம்மம்மா பேய் என்கிறார். அடிபட்டது பிடரியில்தானே, குணம் ஏன் மாறியது?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே அவரைக் கும்பிடலாம்.

மூளை ஏறத்தாழ 1.4 கிலோ, திரவத்தில் மிதக்கிறது. இது பாடசாலையில் படித்ததுதான். சட்டித் தயிரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவர்களுக்கு மீதியும் விளங்கும். சாரதி சடாரென்று பிரேக் போட்டால் சட்டி நின்றுவிடும், தயிர் நிற்காது. முன்னால் போய் ஓரத்தில் மோதி உடையும். ஆனால் சட்டியின் உட்புறம் வழவழப்பானது. மண்டையோட்டுக்குள் கண்குழிகளுக்கு மேலே இருக்கும் எலும்புத் தரையோ உழுது காய்ந்த வயல் மாதிரி, மேடும் வரம்புமாக இருக்கும். அதன்மேல்தான் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியான நெற்றிமடலின் அடிப்பக்கம் படுத்திருக்கிறது. பிடரி தரையில் மோதும்போது மூளை அந்த வரம்புகளில் உரசிக் கிழிபடுகிறது. அதனால்தான் அடி எங்கே விழுந்தாலும் நெற்றிமடலும், காதோரம் இருக்கும் பொட்டுமடலின் நுனியும் அடிக்கடி காயப்படுகின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. நரம்பிழைகள் இழுபடுகின்றன. ஒவ்வொரு இழைக்குள்ளும் பொருட்களைக் கொண்டுபோகும் நுண்குழாய்கள் முறிய, போக்குவரத்து அடைபட்டு இழை வீங்கி, மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் கழித்து அறுந்துபோகிறது. இரத்தம் கசியாத இந்தச் சேதம் சாதாரண சீடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. "ஒன்றும் இல்லை" என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள்.

நெற்றிமடல் செய்யும் வேலை என்ன? கோபம் எழும்போது "பொறு" என்று தடுப்பது. அதோடு, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பொலிசுக்குப் போக வேண்டும் என்பதை அந்த நேரம் வரும்போது நினைவுக்குக் கொண்டுவருவது. நேற்று நடந்ததை நன்றாகச் சொல்லும் பிள்ளை நாளை செய்ய வேண்டியதைக் கோட்டை விடலாம். இந்தப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே போகிறது. பத்து வயதில் பட்ட அடியின் விளைவு பதினைந்தில் வெளிப்படுவதும் இதனால்தான். அதுவரை அந்த இடத்துக்குப் பெரிய வேலை வரவில்லை.

இனி சட்டம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, சித்தசுவாதீனம் இல்லாததால் தான் செய்வது இன்னதென்றோ பிழையென்றோ அறிய முடியாதவரைக் குற்றவாளியாகக் கொள்ளாது. 2018இல் குற்றப்பொறுப்பு வயது 8இலிருந்து 12 ஆனது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால் விளங்கும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். இரண்டு இடத்திலும் சட்டம் கேட்பது "தெரிந்ததா?" என்றுதான். இந்தப் பையனுக்கு அடிப்பது பிழை என்று தெரியும், கேட்டால் சரியாகச் சொல்வான். அவனால் முடியாதது நிறுத்துவது. அதனால் 77 அவனுக்குக் கைகொடுப்பது கஷ்டம். ஆனால் பிணை நிபந்தனையையும் தண்டனையையும் தீர்மானிக்கும்போது மூளைக்காயத்தை நீதவானிடம் எடுத்துச்சொல்லத் தடையில்லை.

அம்மம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆளே மாறிவிட்டான் என்று முதலில் கண்டவர் அவர்தான். பேயோட்டக் கழிப்புக் கழிக்கும் காசு ஆஸ்பத்திரிக்குப் போய்வர உதவட்டும் என்று மட்டும் சொல்வேன். இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் அதிர்வில் தூக்கி எறியப்பட்ட குழந்தைகள் இன்று இளைஞர்கள். அவர்களுடைய தலைக்காயங்களை ஊர் ஊராகப் போய்ப் பதிவதற்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும். எந்தப் பெரிய கருவியை விடவும் அதுதான் எங்களுக்கு முதல் தேவை.

அம்மா, விபத்து நேரத்து ஆஸ்பத்திரி அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பிரதி எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வைத்திய நிபுணரின் அறிக்கையைக் கோரும்படி கேளுங்கள். மகனிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்றும், களைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லிவிடுவான் என்றும் சட்டத்தரணிக்குச் சொல்லிவையுங்கள். அப்புறம், கையெழுத்து வைக்கும் நாளுக்கு அவனுடைய போனில் ஒரு அலாரம், உங்களுடைய போனிலும் ஒன்று.