ஆறாத புண்ணும் மூடாத கதவும்

இருபது வருடமாக நின்றபடியே டீ ஆற்றுகிறவர். என்றோ சைக்கிள் பெடல் கிழித்த காயம், கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக ஐந்து ரூபாய் நாணய அகலத்தில் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. மஞ்சள், வேப்பெண்ணெய், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு எல்லாம் போட்டாயிற்று. சுற்றிலும் தோல் கறுத்து, தொட்டால் பலகை மாதிரி இருக்கிறது. “எனக்குச் சர்க்கரையே இல்லையே, அப்புறம் ஏன் ஆற மாட்டேங்குது?” என்கிறார்.

புண்ணையே உற்றுப் பார்த்தால் விடை கிடைக்காது. வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். கெண்டைக்காலில் புழு மாதிரி நெளிந்து புடைத்திருக்கும் நீலக் கோடுகள் தெரியும். ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்போம். ஆனால் அவை நரம்பல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரைகள்.

பாதத்துக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றும் பம்பு கெண்டைக்கால் சதைதான். எட்டு வைக்கும்போதெல்லாம் அது இறுகி, உள்ளே ஓடும் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காதபடி சிரைக்குள் மெல்லிய இரட்டைக் கதவுகள் உண்டு. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு ஆசிரியர் ஃபாப்ரிசியுஸ் இவற்றை 1603இல் படம் போட்டே காட்டினார். ஆனால் எதற்கு என்று சரியாகச் சொன்னவர் அவருடைய மாணவரான ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி, 1628இல்.

அசையாமல் நின்றால் கணுக்காலில் சிரை அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் 30க்கு அருகே இறங்கிவிடும். கதவு பழுதாகிச் சிரை புடைத்த காலில் நடந்தாலும் அவ்வளவு இறங்காது. அந்த அழுத்தத்தில் நுண்குழாய்கள் கசிகின்றன. வெளியேறிச் சிதைந்த சிவப்பணுக்கள் விட்டுப்போன இரும்புதான் அந்தக் கறுப்பு. ஓயாத அழற்சியில் வெள்ளணுக்கள் கொட்டும் நொதிகள், புதிதாக வளரும் திசுவை அரித்துக்கொண்டே இருக்கும். களிம்பு என்ன செய்யும், பாவம்!

அழுத்தத்தை எதிர் அழுத்தத்தால்தான் சமாளிக்க வேண்டும். கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர், மேலே போகப் போகக் குறைவு என்ற கணக்கில் பல அடுக்குக் கட்டு. வீட்டில் நாமே துணியை இறுக்கிச் சுற்றக் கூடாது. புகைப்பழக்கத்தாலோ சர்க்கரையாலோ காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்திருந்தால் இறுக்கிய காலே அழுகிவிடலாம். அதனால்தான் கட்டுமுன் கை, கால் இரண்டிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். கதவு எங்கே பழுது என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டும். அந்தச் சிரையை லேசர் போன்ற முறைகளால் அடைத்துவிடலாம். புண் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கட்டோடு சேர்த்து சிரையையும் சீக்கிரமே அடைத்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாள் ஆனது. தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு 82 நாள்.

வருடக்கணக்கான புண்ணின் விளிம்பு தடித்து மேலெழும்பினால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அபூர்வமாக அது புற்றுநோயாக மாறும்.

கெட்டுப்போன கதவு மறுபடி முளைப்பதில்லை. ஆகவே புண் ஆறிய பிறகும் டீக்கடைக்காரர் அழுத்தக் காலுறை போட்டாக வேண்டும், அதுவும் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன்னே. இறங்கி நின்றுவிட்டால் வீக்கம் முந்திக்கொள்ளும்.