ஆஷாம்: குற்றநிவாரணபலியா, ஈட்டுப்பலியா?

பழைய தமிழ் பைபிளில், பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தைப் புரட்டினால் 'குற்றநிவாரணபலி' என்ற சொல் வரும். நிவாரணம் என்றாலே நமக்கு வெள்ள நிவாரணம்தான் ஞாபகம் வருகிறது. எபிரேய மூலத்தில் இருப்பது ஆஷாம் என்ற சின்னச் சொல். குற்றம் என்றும் பொருள். அந்தக் குற்றத்துக்குக் கொடுக்கும் ஈடு என்றும் பொருள்.

அந்தப் பலிச் சட்டம் காட்டும் வழக்கு ஒன்று. நம்பி ஒப்படைத்த பொருளை ஒருவன் அமுக்கிக்கொண்டு, 'நீ தரவே இல்லை' என்று பொய்ச்சத்தியமும் செய்துவிடுகிறான். அப்புறம் மனம் உறுத்துகிறது. சரி, பலிக்கான ஆட்டுக்கடாவோடு ஆசாரியரிடம், அதாவது பலி செலுத்தும் குருவிடம், போனால் தீர்ந்ததா? இல்லை. செய்த பாவத்தை அறிக்கையிட வேண்டும், அதாவது வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும், என்கிறது பைபிளின் இன்னொரு நூலான எண்ணாகமம் 5. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, அதாவது 100 காசுக்கு 120 என்று, பறிகொடுத்தவனுக்குத் தர வேண்டும். வாங்கிக்கொள்ள அவனும் இல்லை, உறவினனும் இல்லை என்றால் ஆசாரியருக்கு. பணத்தைத் தராமல் பலி மட்டும் கொடுத்தால் செல்லாது என்று பின்னாளில் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் கறாராகச் சொல்லிவிட்டது.

இஸ்ரவேலரின் புனிதப் பேழையான உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிப்போன அவர்களின் எதிரிகளான பெலிஸ்தர், உடலில் கட்டிகள் வரும் கொள்ளைநோயில் தவித்து, அதைத் திருப்பி அனுப்பியபோது கூடவே வைத்த 5 பொன் எலிகளுக்கும், அந்த நோய்க் கட்டிகளைப் போல் பொன்னில் செய்த 5 உருவங்களுக்கும் பெயர் ஆஷாம்தான். அங்கே ஆடும் இல்லை, பலிபீடமும் இல்லை, வெறும் நஷ்டஈடு.

அதனால் 'ஈட்டுப்பலி' என்பதே பொருந்தும் என்பேன். நிவாரணம் குற்றத்தை நீக்குகிறது, ஆனால் கொடுக்க வேண்டிய 120 காசை மறைத்துவிடுகிறது. 'கழுவாய்' கூடாதா என்று கேட்கலாம். புறநானூறு 34-லேயே இருக்கும் அருமையான சொல், பிராயச்சித்தத்துக்கு நேர்த்தமிழ். ஆனால் கழுவுதல் அதில் தொனிப்பதால், யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் பெயரில் வரும் 'கிப்பூர்' என்பதற்கு அதை வைத்துக்கொள்வதே நல்லது. அந்த வேருக்கும் துடைத்தல் என்ற பொருளுண்டு என்பது பல அறிஞர்களின் கருத்து.

கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்ததோடு பலிகள் நின்றன. பாவ அறிக்கை நிற்கவில்லை. இன்றும் யோம் கிப்பூர் நாளில் யூதர்கள் எழுந்து நின்று, நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொண்டே, எபிரேய அகரவரிசையில் குற்றங்களைச் சொல்கிறார்கள். அதன் முதல் சொல் 'அஷாம்னு': நாங்கள் குற்றவாளிகளானோம்.