கலர் புரொஃபைல்: நிற இயல்புக் கோப்பு

பெங்களூரில் காட்டன்பேட்டை, ராஜாஜிநகர், பீண்யா போன்ற பகுதிகளின் அச்சகங்களிலும், அவற்றுக்குக் கோப்புகளை ஆயத்தம் செய்யும் வடிவமைப்பு நிலையங்களிலும் தமிழர் பலர் பணியாற்றுகின்றனர். உள்ளூர் வேலையில் அதிகம் தேவைப்படாத ஒரு சொல், ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உள்ள அச்சகத்தோடு வேலை தொடங்கியதும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் வந்து நிற்கிறது: 'கலர் புரொஃபைல்'. பேச்சு வழக்கில் அது வெறும் 'புரொஃபைல்' ஆகிவிடுகிறது. "சார், புரொஃபைல் மாத்தியாச்சு" என்று பணியாளர் சொல்ல, மேலாளரும் தலையசைத்துக் கோப்பை அனுப்பச் சொல்லிவிடுகிறார். அந்த 'மாத்தியாச்சு' என்பதற்குள் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வேலைகள் ஒளிந்திருப்பதை இருவரும் கவனிப்பதில்லை. இச்சொல்லுக்குத் தெளிவான தமிழ் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு கருவி தனக்குத் தரப்படும் எண்களை எந்த நிறமாக வெளிப்படுத்துகிறது என்பதை அளந்து எழுதிவைத்த கோப்பே கலர் புரொஃபைல். அக்கருவி கணினித் திரையாக இருக்கலாம், கேமராவாக இருக்கலாம், குறிப்பிட்ட தாளில் குறிப்பிட்ட மையைக் கொண்டு அச்சடிக்கும் ஆஃப்செட் இயந்திரமாகவும் இருக்கலாம். புரொஃபைல் என்பது நிறத்தை அழகாக்கும் ஒரு வசதி என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக உள்ளது. அதனால் படம் மங்கலாகத் தெரிந்தால் 'வேறு புரொஃபைல் போட்டுப் பார்' என்கிறார்கள். கோப்பு தன்னளவில் எதையும் திருத்துவதில்லை. ஓர் இயந்திரத்தின் நடத்தை இப்படிப்பட்டது என்று அது சாட்சி சொல்கிறது, அவ்வளவே.

'புரொஃபைல்' என்ற சொல்லின் வேர் இந்தப் பொருளுக்கு அணுக்கமாகவே இருக்கிறது. நூல் என்று பொருள்படும் 'ஃபீலும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, நூற்றல், கோடிழுத்தல் ஆகிய பொருள்கள் கிளைத்தன. அவற்றிலிருந்து, ஓர் உருவத்தின் புறக்கோட்டை வரைதல் என்ற பொருளில் 'புரொஃபீலோ' என்ற இத்தாலியச் சொல் தோன்றி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. பக்கவாட்டு முகத்தோற்றத்தைக் குறித்த அச்சொல் பின்னர் ஒருவரைப் பற்றிய சுருக்கமான விவரணையையும் குறிக்கலாயிற்று. நம் தச்சர்களும் கொத்தர்களும் 'நூல் பிடித்தல்' என்று சொல்லும்போது அதே நூலும் அதே கோடும்தான் நினைவுக்கு வருகின்றன. கருவியின் குணத்தைக் கோடிட்டுக் காட்டுவது என்ற பொருளில் நிறத்துறை இச்சொல்லை எடுத்துக்கொண்டது.

இத்துறையில் இது நிலைபெற்ற ஆண்டு 1993. அடோபி, ஆக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், சிலிக்கன் கிராஃபிக்ஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ், டாலிஜென்ட் ஆகிய எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐ.சி.சி. எனப்படும் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை அந்த ஆண்டில் நிறுவின. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் ஸ்கேனர் கண்டறிந்த நிறத்தை வேறொரு நிறுவனத்தின் திரையோ அச்சுப்பொறியோ புரிந்துகொள்ளப் பொதுவான வழி இருக்கவில்லை. கூட்டமைப்பு வகுத்த கோப்பு வடிவம் பின்னர் ஐ.எஸ்.ஓ. 15076-1 என்ற தரமாகவும் ஏற்கப்பட்டது. இன்று நாம் 'ஐ.சி.சி. புரொஃபைல்' என்று சொல்வது இந்த வடிவத்தையே.

கோப்பு எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால் தமிழ்ப் பெயர் தேர்வது எளிதாகும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளையும் பல்வேறு விகிதங்களில் கலந்த கட்டங்கள் அடங்கிய சோதனைத் தாளை இயந்திரத்தில் அச்சடிக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஐ.டி.8.7/4 என்ற சோதனைப் படிவத்தில் 1617 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்தையும் நிறமாலைமானியால் அளந்து, எந்தக் கருவியையும் சாராமல் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் குறிக்கும் சீலாப் எண்களில் எழுதுகிறார்கள். சீலாப் என்பது 1976இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்த அளவுமுறை. வெளிச்சம் எவ்வளவு, பச்சையா சிவப்பா, நீலமா மஞ்சளா என்ற மூன்று அச்சுகளில் அது எந்த நிறத்தையும் இடம்குறித்துவிடும். 'இத்தனை விழுக்காடு மை இட்டால் இந்த நிறம் தெரியும்' என்ற அட்டவணையும், அதன் தலைகீழான 'இந்த நிறம் வேண்டுமானால் இவ்வளவு மை இடு' என்ற அட்டவணையும் அந்தக் கோப்புக்குள் இருக்கின்றன.

இனித் தமிழுக்கு வருவோம். 'வண்ணம்' என்பதையே பலரும் முதலில் எடுக்கிறார்கள். வடமொழியின் 'வர்ண'த்தோடு உறவுடைய அச்சொல் நிறம், அழகு, பாட்டின் ஓசை நடை, 'இவ்வண்ணம்' என்பதில் போல விதம் என்று பல பொருள்களைச் சுமக்கிறது. கவிதைக்கு அது வளம் என்றாலும், கலைச்சொல்லுக்குச் சுமையாகிவிடுகிறது. 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்று தொல்காப்பியம் சொற்பொருள் கூறும்போது, விளக்கம் வேண்டாத சொல்லாக 'நிறம்' என்பதையே கையாள்கிறது. அளக்கக்கூடிய பண்பு என்ற பொருளுக்கு நிறமே பொருத்தமானது.

புரொஃபைலுக்குத்தான் சிக்கல் மிகுதி. மென்பொருள்களின் தமிழாக்கத்தில் பயனர் கணக்கைக் குறிக்க வந்த 'சுயவிவரம்' என்ற சொல்லை அப்படியே தூக்கிவந்து 'வண்ணச் சுயவிவரம்' என்று எழுதுகிறார்கள். சுயவிவரம் என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே தருவது. அச்சு இயந்திரம் தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, பிறர் அதை அளந்து எழுதுகிறார்கள். இச்சொல்லை இவ்விடத்தில் கைவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 'விவரக்குறிப்பு' என்பது தவறில்லை என்றாலும், தாளின் எடை, பக்க அளவு, கட்டமைப்பு முதலியவற்றைச் சொல்லும் வேலைப் படிவத்தோடு அது குழம்பிவிடுகிறது. கருவியின் மாறாத போக்கைக் குறிக்கத் தமிழில் 'இயல்பு' என்ற சொல் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. எனவே 'நிற இயல்புக் கோப்பு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். பேச்சில் 'நிற இயல்பு' என்று சுருக்கினாலும் பொருள் கெடுவதில்லை. 'இந்த இயந்திரத்தின் நிற இயல்பு என்ன?' என்று கேட்க முடிகிறது. கேட்டவுடன், அது எந்த இயந்திரம், எந்தத் தாள் என்ற அடுத்த கேள்வியும் தானாகவே எழுகிறது.

இப்போது அந்த 'மாத்தியாச்சு' என்பதற்குத் திரும்பலாம். மென்பொருளில் 'அசைன்' என்றும் 'கன்வெர்ட்' என்றும் இரண்டு கட்டளைகள் உள்ளன. பெங்களூரில் மனை வாங்க விசாரித்தவர் எவருக்கும் 'முப்பதுக்கு நாற்பது' என்றால் அடிக்கணக்கு என்பது சொல்லாமலே தெரியும். அந்த எண்களை வெளிநாட்டவர் ஒருவரிடம் அளவுப் பெயர் இல்லாமல் தந்தால், அவர் அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு பத்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பைக் கற்பனை செய்துவிடுவார். எண்களை அப்படியே விட்டு, அவற்றின் பக்கத்தில் 'அடி' என்று எழுதிக்கொடுப்பது அசைன். அடியை மீட்டராக்கி 9.14க்கு 12.19 என்று எண்களையே வேறாக எழுதி, மனையின் அளவு மாறாமல் காப்பது கன்வெர்ட். முன்னதில் எண் நிலைத்து நிற்கப் பொருள் மாறுகிறது. பின்னதில் எண் மாறினாலும் பொருள் கூடியவரை நிலைக்கிறது. முன்னதைச் 'சார்த்துதல்' என்றும், மொழிபெயர்ப்பில் நாம் நன்கறிந்த வினையைக் கொண்டு பின்னதைப் 'பெயர்த்தல்' என்றும் சொல்லலாம். 'ஃபோக்ரா 51' என்ற ஜெர்மானிய அச்சு அளவீட்டை எடுத்துக்கொண்டால், 'ஃபோக்ரா 51ஐச் சார்த்தினேன்', 'ஃபோக்ரா 51க்குப் பெயர்த்தேன்' என்று இருவேறு வாக்கியங்கள் அமைந்துவிட்டால், மேலாளர் தலையசைக்கும் முன் ஒரு கணம் நின்று கேட்பார்.

பெயர்த்தலிலும் ஓர் ஆபத்து உண்டு, அது தமிழ் எழுத்துக்குக் கூடுதலாகவே உண்டு. ஏற்கெனவே நான்கு மைக்குப் பிரித்த ஒரு பக்கத்தை வேறொரு நான்கு மை இயல்புக்குப் பெயர்க்கும்போது, நூறு விழுக்காடு கறுப்பு மட்டுமே கொண்டிருந்த எழுத்து நான்கு மைகளின் கலவையாகச் சிதறிவிடும். அச்சில் நான்கு தகடுகளும் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் கசியும். சிறுவர் நூலின் சிறிய எழுத்துகளில் 'ண', 'ஞ', 'ஐ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு, படிக்கும் குழந்தைக்குக் கரும்புள்ளியாகவே தெரியும். கறுப்பைக் கறுப்பாகவே காக்கும் 'டிவைஸ் லிங்க்' என்ற தனிவகைக் கோப்பு இதற்கென்றே உள்ளது. அது இல்லாத நிலையத்தில், எழுத்தை விலக்கிவிட்டுப் படங்களை மட்டும் பெயர்ப்பதே பாதுகாப்பானது.

வெளிநாட்டு மின்னஞ்சல்களில் வரும் பெயர்களையும் இந்தத் தெளிவோடு படிக்க வேண்டும். ஃபோக்ரா என்பது ஜெர்மனியில் மியூனிக் அருகே இயங்கும் அச்சுத்தொழில் ஆய்வு நிறுவனம். அது வெளியிடும் அளவீட்டுத் தொகுதிகளே ஃபோக்ரா 39, ஃபோக்ரா 51 என்று எண்ணிட்டு வழங்கப்படுகின்றன. அமெரிக்க அச்சகங்கள் கிரேக்கால் என்றும் ஸ்வாப் என்றும் கேட்கும், ஜப்பானில் 'ஜப்பான் கலர்' வழங்குகிறது. ஸ்வாப் கோப்பின் பெயரில் வரும் 'வெப்' என்ற சொல்லை இணையம் என்று நினைத்து, இணையதளப் படங்களுக்கு உரியது என்று ஒதுக்குவோரும் உண்டு, அதற்கே பயன்படுத்துவோரும் உண்டு. அங்கே 'வெப்' என்பது ரோல் தாளில் ஓடும் சுழல் ஆஃப்செட் அச்சைக் குறிக்கிறது. அடோபி மென்பொருள்களின் வட அமெரிக்கப் பொது அமைப்பில் இந்த ஸ்வாப் கோப்பே முன்னிருப்பாக (டீஃபால்ட்) அமைந்திருப்பதால், யாரும் தேர்ந்தெடுக்காமலேயே அது பெங்களூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பயணம் போய்விடுகிறது.

39க்கும் 51க்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் தாளில் உள்ளது. இன்றைய ஆர்ட் பேப்பரில் ஒளிர்வூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால், தாள் நீலம் பூத்த வெண்மையாகத் தெரிகிறது. 2015இல் வந்த ஃபோக்ரா 51 இத்தகைய தாளைக் கணக்கில் கொண்டு, புற ஊதாவையும் உட்படுத்தும் 'எம்1' என்ற அளவீட்டு முறையில் எடுக்கப்பட்டது. பழைய 39இல் பிரித்த கோப்பைப் புதிய தாளில் அடித்தால் தோல் நிறமும் சாம்பல் நிறமும் சற்றே குளிர்ந்து தோன்றுவது இதனால்தான். பூச்சில்லாத தாளுக்கு இணையான தொகுதி ஃபோக்ரா 52. நாம் 'மேப்லித்தோ' என்று அன்றாடம் சொல்லும் தாளை அப்பெயரால் எழுதினால் வெளிநாட்டவருக்குப் புரியாது. 'பூச்சில்லாத தாள், இத்தனை கிராம்' என்று எழுதினால்தான் சரியான இயல்புக் கோப்பு தேர்வாகும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் 'எம்.எஸ். நீல'ப் பட்டுப்புடவையை ஒரு விற்பனைக் கையேட்டுக்கு அச்சிட நினைத்துப் பார்க்கலாம். திரையில் அந்த நீலம் துலங்கி நிற்கிறது. நான்கு மைக்குப் பெயர்த்தவுடன் அது கத்தரிப்பூ நிறத்தை நோக்கிச் சாய்கிறது. சயானும் மெஜந்தாவும் சேர்ந்து எட்டக்கூடிய நீலத்திற்கு ஓர் எல்லை உண்டு, அந்தப் புடவை எல்லைக்கு அப்பால் இருக்கிறது. மயில்கழுத்து நிறத்துக்கும் இதே கதிதான். ஒரு கருவியால் எட்டக்கூடிய நிறங்களின் இந்தப் பரப்பை 'நிற எல்லை' என்று சொல்லலாம். எல்லைக்கு வெளியே உள்ளவற்றை உள்ளே கொண்டுவர ஐ.சி.சி. நான்கு வழிகளை வகுத்துள்ளது. எல்லா நிறங்களையும் ஒருசேர ஒடுக்கி உறவு காப்பது ஒன்று, உள்ளிருப்பவற்றை விட்டுவிட்டு வெளியிருப்பவற்றை மட்டும் எல்லைக்கோட்டில் நிறுத்துவது மற்றொன்று. நிழற்படங்களுக்கு இவ்விரண்டில் ஒன்றே பெரும்பாலும் போதும். எந்த வழியில் போனாலும் புடவையின் நீலம் முழுதாக வராது என்பதை வாடிக்கையாளரிடம் அச்சுக்கு முன்பே, 5000 கெல்வின் ஒளிப்பெட்டியில் சான்றுப்படி வைத்துக் காட்டிவிடுவது நேர்மை. மஞ்சள் விளக்கின் கீழும் சன்னலோர வெயிலிலும் பார்த்துத் தந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

இறுதியாக, மின்னஞ்சலில் வரும் 'அவுட்புட் இன்டென்ட்' என்ற தொடர். இதை 'வெளியீட்டு நோக்கம்' என்று சொல்லுக்குச் சொல் எழுதுவதைவிட 'அச்சு இலக்கு' என்பது தெளிவானது. அச்சுக்கான பி.டி.எஃப். கோப்பு எந்த அச்சு நிலையை எண்ணித் தயாரிக்கப்பட்டது என்பதை அதற்குள்ளேயே பதிந்துவைக்கும் குறிப்பு அது. பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ வகையில் எல்லாப் படங்களும் அச்சு மைகளுக்கு முன்பே பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்-4 வகையிலோ ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் என்ற திரை நிறங்களில் அமைந்த) படங்கள் தத்தம் நிற இயல்பு சார்த்தப்பட்ட நிலையிலேயே போகலாம், பெயர்த்தல் அச்சகத்தில் நடக்கும். ஆகவே வேலை ஒப்புக்கொள்ளும் கடிதத்திலேயே பெயர்த்தலைச் செய்பவர் நாமா அவர்களா, அச்சு இலக்கு எது, தாள் எது, மொத்த மை வரம்பு (ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் விழுக்காடுகளைக் கூட்டிய தொகை) 300 விழுக்காடா அதற்குக் குறைவா என்ற நான்கையும் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சகம் தன் இயந்திரத்துக்கென்றே அளந்த நிற இயல்புக் கோப்பு வைத்திருந்தால் அதையே கேட்டு வாங்கலாம். அந்தக் கோப்பு எந்தத் தாளில், எப்போது அளக்கப்பட்டது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.